சிறைகள் நிரம்புவது எதனால்?

சிறைச்சாலை என்பது கற்றவர் பெரும்பாலும் எண்ணிப் பாராத ஓரிடம். கோயிலையும் கல்லூரியையும் ஆஸ்பத்திரியையும் பற்றி நம்மிடையே ஓயாது பேச்சு நிகழும். ஆனால் திருச்சிராப்பள்ளி மத்தியச் சிறையின் நெடுமதிலைக் கடந்து செல்லும்போது, அதனுள் இருப்போர் யாவர், எத்தனை நாளாக இருக்கின்றனர், எதன் பொருட்டு இருக்கின்றனர் என்று வினவுவார் அரியர். ஒரு நாட்டின் சட்டம் அந்நாட்டு ஏழைகளோடு எவ்வாறு பழகுகின்றது என்பதை அறிய விரும்புவார்க்கு, அம்மதிலின் உட்புறத்துக் கணக்கைப்போல் உண்மை கூறும் கணக்கு வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அக்கணக்கை முதலில் நோக்குவோம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாளில் இந்தியச் சிறைகள் அனைத்திலும் சேர்ந்து 4,36,266 பேர்க்கு இடமிருந்தது. இருந்தவரோ 5,73,220 பேர். நூறு பேர் படுக்குமிடத்தில் நூற்று முப்பத்தொருவர் படுத்தனர் என்பது பொருள். இவர்களுள் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அஃதாவது, குற்றவாளிகள் என்று எந்த நீதிபதியாலும் தீர்ப்பளிக்கப்படாதவர்கள். இவ்விரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு வியப்பு விளங்கும். தீர்ப்புப் பெறாதார் மட்டுமே நாட்டின் சிறையிடம் முழுவதையும் ஏறக்குறைய நிரப்பிவிட்டனர். சிறை யாருக்காகக் கட்டப்பட்டதோ அந்தத் தண்டனைக் கைதிகள்தாம் மிகுதியாய் நிற்கின்றனர்! அதற்கடுத்த ஆண்டில் நெருக்கடி சிறிது தணிந்ததெனினும், விசாரணைக் கைதிகள் நால்வரில் மூவர் என்னும் விகிதம் அதிகம் மாறவில்லை.

தமிழ்நாட்டுச் சிறைகள் மொத்தத்தில் இவ்வளவு நெருக்குண்டவை அல்ல என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். அண்மை ஆண்டுகளின் அறிக்கைகளில் நம் மாநிலத்துக் கைதிகளின் தொகை இடத்தின் அளவுக்குக் குறைந்தே காணப்படுகின்றது. இதனைக் கொண்டு நாம் பெருமிதம் அடைதல் கூடும். ஆனால் இங்கும் சிறையிலிருப்பாரில் பாதிக்கு மேற்பட்டோர் விசாரணைக் கைதிகளே. அன்றியும், விசாரணையே இன்றி முன்னெச்சரிக்கையாக அடைத்து வைக்கப்படுவோர் தொகையில் நம் மாநிலம் பல ஆண்டுகளாக முதலிடத்தில் நிற்கின்றது. இடம் விசாலமாயிருப்பது, இருப்பவர் இருக்கவேண்டியவர் என்பதற்குச் சான்றாகாது.

சிறைகள் ஏன் நிரம்புகின்றன என்று கேட்டால், பலரும் தயங்காது கூறும் விடை, 'குற்றம் பெருகிவிட்டது' என்பதே. காவிரிப் பாசனத்தில் வாழும் நாம் இவ்விடையை எளிதில் ஒப்புக்கொள்ளலாகாது. வயலில் நீர் தேங்கினால் நம் உழவர் வாய்க்காலில் வந்த வரத்தை மட்டுமா பார்ப்பர்? வடிகால் தூர்ந்துளதா என்பதையன்றோ முதலில் சென்று பார்ப்பர்? மேட்டூரிலிருந்து வரும் நீர் சென்ற ஆண்டின் அளவே ஆயினும், வடிவாய்க்காலில் ஆகாயத்தாமரை மண்டிவிட்டால் சம்பாப் பயிர் அழுகும். சிறைக்கணக்கும் இத்தகையதே. ஒரு சிறைக்கு நாள்தோறும் பத்துப் பேர் வருகின்றனர் என்றும், ஒவ்வொருவரும் முப்பது நாள் தங்குகின்றனர் என்றும் கொள்வோம். அங்கே எப்போதும் முந்நூறு பேர் இருப்பர். வருபவர் தொகை அதே பத்தாக இருக்க, தங்கும் காலம் அறுபது நாளாக நீளுமாயின், இருப்பவர் அறுநூறு ஆவர். ஊரில் ஒரு குற்றமும் கூடவில்லை. ஆயினும் சிறை இருமடங்காயிற்று. எத்தனை பேர் வருகின்றனர், எத்தனை நாள் தங்குகின்றனர் என்னும் இரண்டையும் பிரித்து நோக்காமல் புதுச் சிறை கட்டுதல், வடிகாலை வெட்டாமல் வரப்பை உயர்த்துவதற்கு ஒப்பாகும்.

வருவோர் தொகை எதனாற் கூடுகின்றது என்பதற்கு நம் தஞ்சை நாட்டு வரலாறே போதிய சான்று தரும்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பாழாக்கிய பெரும் பஞ்சத்தின்போது, காவிரிநீர் பாய்ந்த தஞ்சாவூர் ஜில்லா வறண்ட ஜில்லாக்களைப்போல் அழிவுறவில்லை. எனினும் நெல் விலை ஏறிற்று. மாகாணமெங்கும் தானிய விலை ஏறிய அளவிற்குக் கொள்ளை வழக்குகளும் ஏறின, சிறைகள் நிரம்பின, பட்டினியால் நலிந்த உடம்போடு உள்ளே சென்றவர் பலர் உயிரோடு வெளியே வரவில்லை. 1918ஆம் ஆண்டில் முதல் உலகப்போரின் முடிவுக் காலத்தில் அரிசி விலை தாங்கொணாது உயர்ந்தபோது, மாகாணத்தின் பல ஊர்களிலும் கடைகளும் கிடங்குகளும் சூறையாடப்பட்டன. மீண்டும் சிறைகள் நிரம்பின. அந்த ஆண்டில் மக்கள் திடீரென்று தீயவராகிவிட்டனர் என்று யாரேனும் கூறுவரோ? அரிசியின் விலைக்கும் சிறையின் தொகைக்கும் இடையேயுள்ள உறவை அக்காலத்து உத்தியோகஸ்தரே நன்கறிந்திருந்தனர்.

பசியையடுத்துச் சிறையை நிரப்புவது சட்டம். சென்ற ஆண்டில் குற்றமாகாத செயல் இவ்வாண்டில் குற்றமாகுமாயின் கைதிகள் பெருகுவதற்கு வேறு காரணம் வேண்டுவதில்லை. 1930ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் இராஜாஜி தம் தொண்டர்களோடு திருச்சியினின்றும் புறப்பட்டு வேதாரணியத்தை நோக்கி நடந்தார். தஞ்சை ஜில்லாக் கலெக்டர் தார்ன் என்பவர், அவர்களுக்கு உணவும் உறையுளும் அளிப்போர் ஆறு மாதச் சிறைக்கு உள்ளாவர் என்று எச்சரித்தார். விருந்தோம்பலை வாழ்க்கையின் சிறப்பாகக் கருதிய காவிரிக்கரை ஊர்களில் சோறிடுவது குற்றமாயிற்று! ஆயினும் மக்கள் மரங்களிலே சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டு அவர்களைப் பட்டினியின்றிக் காத்தனர் என்பது நம் முன்னோர் சொல்லக் கேட்ட செய்தி. கடற்கரையில் உப்பள்ளிய இராஜாஜி ஆறு மாதத் தண்டனை பெற்றார். அவ்வியக்கத்தில் நாடெங்கும் சிறை சென்றோர் அறுபதினாயிரவர் என்பர். இருந்த சிறைகள் போதாமையால் பெல்லாரியையடுத்த அலிபுரத்தில், முதல் உலகப்போரில் பிடிபட்ட துருக்கியரை அடைத்து வைத்திருந்த இடம் சத்தியாக்கிரகிகளுக்குச் சிறையாயிற்று.

உப்பு அள்ளியவரின் சிறை வாழ்வு நம் பாடநூல்களில் இடம்பெற்றுவிட்டது. அவ்வாறு இடம்பெறாத சிறை வாழ்வு வேறொன்றுண்டு. குற்றப் பரம்பரைச் சட்டம் என்று வழங்கிய 1911ஆம் ஆண்டுச் சட்டத்தால் சில சாதிகளிற் பிறந்தோர் பிறப்பினாலேயே குற்றவாளிகளாகப் பதிவு செய்யப்பட்டனர். அவர்கள் குறித்த நேரத்தில் போலீஸாரிடம் ஆஜராக வேண்டும், தவறினால் சிறை. ஒருவன் திருடியதற்காக அன்று, தன் குடிசையில் இரவு படுக்காததற்காகச் சிறை சென்றான். இச்சட்டம் சென்னை மாகாணத்தில் 1947ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. ஆனால் அடுத்த ஆண்டிலேயே 'வழக்கமாகக் குற்றஞ் செய்வோர்' என்ற பெயரால் வேறொரு சட்டம் வந்தது. பெயர் மாறிற்று, பட்டியல் எளிதில் மாறவில்லை. 2024ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் உச்சநீதிமன்றம், சிறைகளில் சாதி பார்த்து வேலையும் இடமும் பிரித்தலை அரசியலமைப்புக்கு முரணானதென்று விலக்கியபோது, சிறை விதிநூல்களில் அப்பழைய குற்றப் பரம்பரைக் கருத்து இன்னும் தங்கியிருத்தலைச் சுட்டிக் கண்டித்தது. நம் பாளையங்கோட்டைச் சிறையும் அத்தீர்ப்பில் குறிப்பிடப்பட்டுள்ளது.

இனித் தஞ்சை நாட்டின் உழுதொழிலாளர் கதை. 1940களில் கீழைத் தஞ்சையில் பண்ணையாட்கள் சாட்டையடியும் சாணிப்பாலும் ஒழியவேண்டும், கூலி உயரவேண்டும் என்று ஒன்றுகூடினர். 1948 முதல் சில ஆண்டுகள் அவ்வூர்களிலிருந்து பலர் விசாரணையின்றியும் விசாரணையோடும் சிறை புகுந்தனர். தடுப்புக் காவல் என்னும் ஏற்பாடு அக்காலத்தில் மாகாணம் முழுவதும் எவ்வளவு தாராளமாகக் கையாளப்பட்டது என்பதற்குச் சேலம் சிறையே சாட்சி. 1950ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள் அச்சிறையில் 22 கைதிகள் துப்பாக்கிக்கு இரையாயினர். 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. எந்த நியாயத்தைக் கேட்டதற்காகத் தொழிலாளர் சிறையில் இருந்தனரோ அதிற் பாதியைச் சர்க்காரே சட்டமாக்கியது.

இதற்கு மறுதலையான காட்சியையும் நம் ஜில்லா கண்டுள்ளது. 1968ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் இரவு கீழ்வெண்மணியில் 44 உயிர்கள், பெரும்பாலும் பெண்டிரும் குழந்தைகளும், ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டன. நாகப்பட்டினம் நீதிமன்றம் நிலக்கிழார் சிலருக்குத் தண்டனை விதித்தது. 1973இல் உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. சிறையிலிருப்போர் தொகை நாட்டில் நிகழும் குற்றத்தின் தொகையைக் காட்டும் என்று நம்புவோர் இவ்வூரின் பெயரை நினைவிற் கொள்வது நன்று.

வரத்தைப் பற்றி இதுகாறும் கூறினோம். தங்கும் காலத்துக்கு வருவோம். நோயின் வேர் பெரிதும் இங்கேதான் உளது.

திருத்துறைப்பூண்டித் தாலூகாவில் நிலமற்ற கூலியாள் ஒருவன் ஓர் அடிதடி வழக்கிலோ சிறு களவு வழக்கிலோ பிடிபட்டான் என்று வைத்துக்கொள்வோம். மாஜிஸ்திரேட் அவனுக்கு ஜாமீன் அளிக்கின்றார். இரண்டு பேர் பிணைநிற்க வேண்டும். அவர்கள் சொத்துடையவராக இருத்தல் வேண்டும். வீட்டு வரி ரசீதோ தாசில்தார் சான்றோ காட்டவேண்டும். டெல்டாவில் நிலம் யாரிடமுள்ளது என்பதை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. கோயிலுக்கும் மடத்துக்கும் மிராசுதாருக்கும் உரிய நிலத்திடையே, குடியிருப்பு மனைக்கே 1971ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபின்தான் உரிமை பெற்ற குடும்பங்கள் அவனுடைய உறவினர். அவனுக்குப் பிணை நிற்கத் தகுதியுடைய ஒரே மனிதர் பல சமயங்களில் அவன்மீது புகார் கொடுத்தவரே! ஆகவே ஜாமீன் உத்தரவு கையிலிருக்க அவன் உள்ளேயே கிடக்கின்றான். நடவுக் காலம் போகும். மனைவி கடன் வாங்குவாள். வாரந்தோறும் பஸ் ஏறிச் சென்று கம்பிக்கு வெளியே நின்று பார்த்து வருவாள். பணமுள்ளவன் அதே குற்றத்துக்கு அன்று மாலையே வீடு திரும்புவான்.

இந்நிலை புதிதன்று. இங்கிலாந்தில் ஜான் ஹவார்டு என்னும் பெரியார் 1773இல் பெட்போர்டு நாட்டின் ஷெரீபாகப் பதவியேற்றபோது, குற்றமற்றவரென்று விடுவிக்கப்பட்டோரும் சிறைக்காவலனுக்குரிய கட்டணத்தைக் கொடுக்க இயலாமையால் மீண்டும் உள்ளே இழுத்துச் செல்லப்படுதலைக் கண்டு திடுக்கிட்டார். அவர் செய்த முயற்சியால் அடுத்த ஆண்டிலேயே பார்லிமெண்டு அக்கட்டணத்தை ஒழித்தது. நாம் அக்கட்டணத்தைப் பிணைப்பத்திரம் என்று வேறு பெயரிட்டு வைத்திருக்கின்றோம்.

நம் நீதிமன்றங்கள் இதனை அறியாதவை அல்ல. 1978ஆம் ஆண்டில் மோதிராம் என்னும் கொத்தனின் வழக்கில் நீதிபதி கிருஷ்ண ஐயர், பதினாயிரம் ரூபாய்ப் பிணை கேட்டதையும், வேறு ஜில்லாவிலுள்ள பிணையாளியை ஏற்க மறுத்ததையும் கடிந்து தீர்ப்பளித்தார். 1979இல் ஹுசைனாரா காத்தூன் வழக்கு, பீகார்ச் சிறைகளில் தம் குற்றத்துக்குரிய உச்சத் தண்டனைக் காலத்தினும் மிகுதியாகக் காத்துக் கிடந்தாரை வெளிக்கொணர்ந்தது. விரைவான விசாரணை குடிமகனின் உரிமை என்று நிலைநாட்டிற்று. 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில், ஏழாண்டுக்கு மேற்படாத தண்டனைக்குரிய குற்றங்களில் இயந்திரம்போல் கைது செய்தலாகாது என்று கட்டளையிடப்பட்டது. 2023 ஜனவரியில், ஜாமீன் கிடைத்தும் ஏழு நாளுக்குள் வெளிவராதோரைக் கண்டறிந்து சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டுமென்றும், உள்ளூர்ப் பிணையாளியையே வற்புறுத்துதல் தாமதத்துக்குக் காரணமென்றும் உச்சநீதிமன்றம் கூறிற்று. அவ்வாண்டிலேயே ஏழைக் கைதிகளின் பிணைத்தொகைக்குச் சர்க்கார் பொருளுதவித் திட்டமும் வகுத்தது. நல்ல வாசகங்களுக்கு நம் நாட்டிற் பஞ்சமில்லை. கல்லணையில் நீர் இருந்தும் கடைமடைக்கு வாராமை நாம் அறியாததா?

2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், முதன்முறை குற்றஞ் சாட்டப்பட்டவர் உச்சத் தண்டனையில் மூன்றிலொரு பங்கு காலத்தை விசாரணைக் கைதியாகக் கழித்துவிட்டால் அவரை விடுவிக்க வழி செய்கின்றது. மரணத்துக்கும் ஆயுளுக்கும் உரிய குற்றங்கள் இதற்கு விலக்கு. இது வரவேற்கத்தக்கது. ஆனால் ஒருவர்மீது ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருந்தால் இச்சலுகை இல்லை என்ற விதியும் கூடவே நிற்கின்றது. ஏழை ஒருவன் பிடிபட்டவுடன் தீராத பழைய வழக்குகள் இரண்டையும் அவன்மேற் சார்த்துதல் நம் ஸ்டேஷன்களில் கேள்விப்படாத செய்தியன்று.

நம் மாநிலத்தில் குண்டர் சட்டம் என்று வழங்கும் 1982ஆம் ஆண்டின் 14ஆம் எண் சட்டத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கள்ளச் சாராயம் விற்போர், போதைப்பொருட் குற்றத்தார், குண்டர் முதலாயினோரை ஓராண்டு வரை விசாரணையின்றி அடைத்து வைக்க இது அதிகாரம் அளிக்கின்றது. பின்னர் மணற் குற்றத்தாரும் இன்னும் சிலரும் அப்பட்டியலிற் சேர்ந்தனர். காவிரி, கொள்ளிடம் ஆகிய ஆறுகளின் மணல் அள்ளப்படுவதால் நிலத்தடி நீர் தாழ்ந்து கரை சரிவதை நேரிற் காணும் நமக்கு மணற்கொள்ளைமீது சினம் மிகுதியே. ஆயின் லாரிக்கு உடையவன் யார், மாட்டு வண்டியோட்டி யார் என்ற வேறுபாட்டை அறியாத சட்டம் ஆற்றைக் காப்பாற்றாது. தடுப்புக் காவல் உத்தரவுகள் பல உயர்நீதிமன்றத்தில் நில்லாமல் நீக்கப்படுகின்றன. அவை நீங்குமுன் மாதங்கள் பல கழிந்துவிடுகின்றன. சாட்சி தேடி வழக்கு நடத்துவதினும் உத்தரவு ஒன்றில் கையொப்பமிடுதல் எளிது என்பதே இச்சட்டத்தின் கவர்ச்சி.

சட்டம் குற்றத்தைப் படைத்தல் எவ்வாறு என்பதற்கு எல்லைப்புறத்துக் காரைக்காலே நல்ல உதாரணம். புதுச்சேரி ஆட்சிக்குட்பட்ட அவ்வூரில் வரி குறைவாதலால் மது மலிவு. அங்கே கடையில் முறைப்படி வாங்கிய புட்டி, சில மைல் தூரத்திலுள்ள நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருவாரூர் ஜில்லாக்களுள் நுழைந்தவுடன் வழக்காகின்றது. ஒரே காவிரியின் கிளைகள் பாயும் நாட்டில் இரண்டு விலை! பையில் வைத்துக் கொண்டு வருபவர் கூலிக்காரர், பிடிபடுபவரும் அவரே. மது நாட்டைக் கெடுக்கின்றது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் தமிழ்நாட்டு மதுவைச் சர்க்காரே தன் கடைகளில் விற்றுக்கொண்டு, அடுத்த கடையின் மதுவைக் கொணர்ந்தவனைச் சிறைக்கு அனுப்புதல் ஒழுக்கத்தின் பொருட்டு அன்று, வருவாயின் பொருட்டே என்பதை மறைத்துப் பயனில்லை. வருவாய்க் குற்றத்துக்கு அபராதம் போதும், சிறை எதற்கு?

'கொலைஞரையும் கொடியவரையும் தெருவில் விடச் சொல்கின்றீரோ?' என்று சிலர் கேட்கலாம். அன்று. பிறர் உயிருக்கும் மானத்துக்கும் தீங்கிழைப்போர் அடைபடவே வேண்டும். அவர் வழக்கு விரைந்து முடியவேண்டும். சிறு வழக்குகளால் நீதிமன்றமும் சிறையும் அடைபட்டுக் கிடப்பதனாலேயே பெருவழக்குகள் பத்தாண்டு நீள்கின்றன, சாட்சிகள் மாள்கின்றனர், கொடியவர் தப்புகின்றனர். அமெரிக்க ஐக்கிய நாடுகள் 1970களுக்குப்பின் போதைப்பொருட் சட்டங்களையும் கட்டாயத் தண்டனைகளையும் கடுமையாக்கி, இருபது இலட்சத்துக்கு மேற்பட்டோரைச் சிறையில் அடைத்தன. அவ்வளவு அடைத்தும் அந்நாடு ஐரோப்பிய நாடுகளினும் பாதுகாப்பானதென்று ஒருவரும் கூறார். நெதர்லாந்து தேசமோ கைதிகள் குறைந்தமையால் சிறைகளை மூடிற்று. ஒன்றை 2015 முதல் மூன்றாண்டு நார்வே தேசத்துக்கு வாடகைக்கே விட்டது.

வழிகாட்டும் மரபு நமக்கும் இல்லாமலில்லை. சென்னை மாகாணம் 1920இல் சிறுவர் சட்டமும், 1926இல் இளங்குற்றவாளிகளுக்கான பார்ஸ்டல் பள்ளிச் சட்டமும், 1937இல் நன்னடத்தைக் கண்காணிப்புச் சட்டமும் கண்டது. சர் அலெக்ஸாண்டர் கார்டியூவின் தலைமையில் 1919-20இல் ஆராய்ந்த இந்தியச் சிறைக் கமிட்டியார், சில நாட் சிறை ஒருவனைத் திருத்துதற்குப் போதாது, கெடுத்தற்கே போதும் என்னும் கருத்தினராய்க் குறுந்தண்டனைகளைக் கண்டித்தனர். நூறாண்டு கழிந்தும் நம் கிளைச் சிறைகள் சில வாரங்கள் இருந்து செல்வோரைக் கொண்டே நடைபெறுகின்றன.

ஜில்லா தோறும் விசாரணைக் கைதிகளின் நிலையை ஆராயும் குழு ஒன்று, ஜில்லா நீதிபதியின் தலைமையில், கலெக்டரையும் போலீஸ் சூப்பிரண்டையும் உறுப்பினராகக் கொண்டு அமைந்துள்ளது. குழு கூடுமுன் அதன் மேசைமீது சரியான பட்டியல் இருத்தல் வேண்டும். அப்பட்டியலைத் தொகுக்கச் சட்டம் பயின்ற இளைஞரின் உதவி பெரிதும் வேண்டப்படுகின்றது. இக்கல்லூரியிற் பயின்று தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் மயிலாடுதுறையிலும் திருவாரூரிலும் வக்கீல் தொழில் நடத்தும் பழைய மாணவர் பலர் உளர். அவர்கள் தம் ஊரின் சட்டப்பணிகள் குழுவில் பெயரைப் பதிவு செய்துகொண்டு, மாதத்தில் ஒரு சனிக்கிழமை அண்மையிலுள்ள கிளைச் சிறைக்குச் சென்று, அங்கிருக்கும் ஒவ்வொருவரிடமும் மூன்றே கேள்விகள் கேட்கலாம்: வந்து எத்தனை நாளாயிற்று? ஜாமீன் கிடைத்ததா? கிடைத்தும் ஏன் இங்கே இருக்கின்றாய்? மூன்றாவது கேள்விக்கு வரும் விடைகளை எழுதி, பெயரும் தேதியும் இட்டு, அடுத்த கூட்டத்துக்கு முன் ஜில்லா நீதிபதியின் கையிற் சேர்ப்பித்தல் வேண்டும்.